மஞ்சள் விளக்கும் நம்ம ஊர் மெக்கானிக்கும்



ஆண்டு மலர் என்றால் ‘எதிர்காலத் தொழில்நுட்பம்’ பற்றி ஒரு கட்டுரையாவது இருக்கும். ரோபோ, ராக்கெட், செயற்கை நுண்ணறிவு என்று பெரிய பெரிய விஷயங்கள் வரும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மலரை மூடிவிட்டு வில்லியனூர் மெயின் ரோட்டில் இறங்கி நடந்தால், ‘இந்த ராக்கெட்டுக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்?’ என்று தோன்றுகிறதா இல்லையா? எனவே நான் ராக்கெட்டை விட்டுவிட்டேன். நம்ம ரோட்டில் ஓடும் வண்டி, அதன் டேஷ்போர்டில் எரியும் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு, அதைப் பார்த்து முழிக்கும் டிரைவர், டிரைவரைப் பார்த்துக் கையைப் பிசையும் மெக்கானிக், இவ்வளவுதான் இந்தக் கட்டுரை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியே சொல்லும் தகவலை வைத்துப் பராமரிப்புக்கு ஒரு ஆப் செய்ய வேண்டும். அதை டிப்ளமோ மாணவர்களாகிய நாம்தான் செய்ய வேண்டும். கார் சொந்தக்காரருக்கு மட்டுமல்ல, முக்கியமாக வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இருக்கும் சின்னச் சின்னப் பட்டறைகளுக்காகச் செய்ய வேண்டும். வண்டியின் தகவல் வண்டிக்காரருடையது என்ற கொள்கையோடு செய்ய வேண்டும். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் அந்த ஆப் செய்து பிரயோஜனமில்லை.

வண்டி பேசுகிறது

காரின் ஸ்டீயரிங்குக்குக் கீழே, கால் முட்டிக்குப் பக்கத்தில், 16 ஊசிகள் கொண்ட ஒரு பிளக் இருக்கிறது. ஓட்டுபவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்குப் பெயர் ஓ.பி.டி. போர்ட். எஞ்சின் கம்ப்யூட்டர் தன் உடம்புக்கு என்ன என்று சொல்லும் வாய் அதுதான். அதன் 16-ஆவது ஊசியில் பேட்டரி கரண்ட் வரும். 4, 5 இரண்டும் எர்த். இன்றைய கார்களில் 6, 14 இரண்டிலும் ‘கேன்’ என்ற கம்பித் தடம் ஓடும்.

இது எப்படி வந்தது? புகையைக் கட்டுப்படுத்தத்தான். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து ஓ.பி.டி.-2 கட்டாயமானது. எந்தக் கம்பெனி காராக இருந்தாலும் ஒரே மாதிரி பிளக், புகை சம்பந்தப்பட்ட கோளாறுகளுக்கு ஒரே மாதிரி கோட் எண்கள் என்பதுதான் அதன் சாரம். ‘கேன்’ தடத்தை ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1986-இல் வெளியிட்டது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இல் ஓ.பி.டி. கட்டாயமானது. நம் நாட்டில் பி.எஸ்.-4 விதியின் கீழ் 2010 ஏப்ரலில் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. 2017 ஏப்ரலில் பி.எஸ்.-4 நாடு முழுக்க அமலானது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6. அதாவது, பத்து வருஷம் பழசான ‘செகண்ட் ஹேண்ட்’ காரில்கூட இந்த வாய் பெரும்பாலும் இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை!

கேட்பதற்கு வேண்டியது ஒரு சின்ன டாங்கிள். கனடாவைச் சேர்ந்த எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் என்ற சிறிய கம்பெனி ‘ஈ.எல்.எம்.327’ என்ற சிப்பை உருவாக்கியது. முதல் பதிப்பில் அவர்கள் பூட்டுப் போட மறந்ததால் அதைக் காப்பியடித்து உலகம் முழுக்க மலிவு டாங்கிள்கள் வந்து குவிந்தன. அசல் கம்பெனி 2022-இல் கடையை மூடிவிட்டது, போலி மட்டும் இன்றும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. டாங்கிளைப் போர்ட்டில் சொருகி, புளூடூத் மூலம் செல்போனோடு இணைத்தால் எஞ்சின் சூடு, வேகம், சுற்று, பேட்டரி வோல்டேஜ், கோளாறு கோட் எல்லாம் கைக்கு வந்துவிடும்.

பேசுவது யாரிடம்?

இதுவரை சொன்னது பிளக் வழியாகப் பேசும் வண்டி. இப்போது வரும் புது வண்டிகள் பிளக்குக்காகக் காத்திருப்பதில்லை. உள்ளேயே ஒரு சிம் கார்டு இருக்கிறது. 2019-இல் ஹூண்டாய் வென்யூ, எம்.ஜி. ஹெக்டர் போன்ற வண்டிகள் வந்தபோது ‘கனெக்டெட் கார்’ என்ற வார்த்தை விளம்பரங்களில் அடிபட்டது. வண்டி நேரடியாகக் கம்பெனியின் சர்வரோடு பேசிவிடுகிறது. கம்பெனியின் ஆப் உங்களுக்கு நினைவூட்டுகிறது: “சர்வீஸ் நேரம் வந்துவிட்டது, அருகில் உள்ள எங்கள் சென்டருக்கு வாருங்கள்.”

கவனித்தீர்களா? “எங்கள் சென்டருக்கு.” பாகூர் ஏரிக்கரைப் பக்கம் ஷெட் போட்டு இருபது வருஷமாக வண்டி பார்க்கும் அண்ணனிடம் போகச் சொல்லி அந்த ஆப் ஒருநாளும் சொல்லாது. வண்டி உங்களுடையது, கடன் கட்டுவது நீங்கள், பெட்ரோல் போடுவது நீங்கள். ஆனால் வண்டிக்கு என்ன உடம்பு என்பது முதலில் தெரிவது கம்பெனிக்கு! சற்றே சிந்தித்துப் பாருங்கள். நம்ம வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பது தெருக்கோடி ஆஸ்பத்திரிக்கு முதலில் தெரிந்து, அவர்கள் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டும் என்றால் ஒப்புக்கொள்வோமா?

இது கற்பனைப் பயம் இல்லை. கனெக்டெட் கார் வருவதற்கு முன்பே நம் நாட்டில் இதே சண்டை நடந்திருக்கிறது. உதிரி பாகங்களும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைப்பதில்லை என்று 2011-இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் ஒரு கார் நுகர்வோர் புகார் கொடுத்தார். மூன்று கம்பெனிகள் மீது தொடங்கிய விசாரணை விரிந்துகொண்டே போனது. 2014 ஆகஸ்ட் 25-இல் ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகம், கருவி, தொழில்நுட்பக் கையேடு இவை வெளிப் பட்டறைக்கும் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்றும், வெளியில் பழுது பார்த்தார் என்பதற்காகவே வாரண்டியை ரத்து செய்யக் கூடாது என்றும் சொன்னது. கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின. அபராதத் தொகை நமக்கு முக்கியமில்லை. பட்டறைக்காரருக்கு ஸ்பானர் எவ்வளவு அவசியமோ, தகவலும் அவ்வளவு அவசியம் என்று ஒரு தேசிய ஆணையம் எழுத்தில் ஒப்புக்கொண்டதுதான் முக்கியம்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-இல் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் வந்தது. ஆனால் காற்று வழியாகச் செல்லும் தகவல் அதில் விடுபட்டுப்போனது. அந்த ஓட்டையை அடைக்க 2020-இல் மக்கள் வாக்கெடுப்பு நடந்து, நாலில் மூன்று பங்குப் பேர் ஆதரவாக வாக்களித்தார்கள். உடனே கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. ஐரோப்பிய யூனியனின் தரவுச் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பொருளைப் பயன்படுத்துபவர் கேட்டால் அது உண்டாக்கும் தகவலை அவருக்கும், அவர் கைகாட்டும் வெளி மெக்கானிக்குக்கும் தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு குழு போட்டு, இணையதளம் ஒன்றைத் திறந்தது. அதில் சேர்த்த துறைகளில் வாகனமும் ஒன்று. ஆக, வாசல் லேசாகத் திறந்திருக்கிறது. நுழைவதற்கு ஆள் வேண்டும்.

நம்ம ஊர் நிலவரம்

விழுப்புரம் ரோட்டில் வில்லியனூர் தாண்டியும், கடலூர் ரோட்டில் கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் வழியாகவும் ஒருநாள் நின்று பாருங்கள். ஸ்கூல் வேன், கம்பெனி ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் வேன், காய்கறி ஏற்றும் மினி லாரி, கல்யாணத்துக்கு வாடகை போகும் கார் என்று வரிசையாக வரும். வாரண்டி முடிந்து, இரண்டு கை மாறி வந்த வண்டிகள் இதில் எத்தனை! இவர்களுக்குக் கம்பெனி சென்டர் என்பது பாண்டியிலோ கடலூரிலோ இருக்கும் தூரத்து விஷயம். போனால் ஒருநாள் வாடகை போச்சு. ஆகவே ஊர் மெக்கானிக்தான் இவர்களுக்கு டாக்டர்.

இந்த டாக்டரிடம் ஸ்டெதஸ்கோப் இல்லை. காது இருக்கிறது, அனுபவம் இருக்கிறது. கார்புரேட்டர் காலத்தில் அதுவே போதும். இப்போது “அண்ணே, மஞ்ச லைட்டு எரியுது, பாருங்க” என்று வண்டி வந்தால் அவர் என்ன செய்வார்? ஸ்கேனர் வைத்திருக்கும் தெரிந்தவரைத் தேடிப் போக வேண்டும், இல்லையென்றால் பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்ட வேண்டும். விளக்கு அணைந்துவிடும், நோய் அப்படியே இருக்கும். நாலு நாள் கழித்து மறுபடி எரியும். வண்டிக்காரர் என்ன நினைப்பார்? ‘இவருக்குத் தெரியலை, கம்பெனிக்கே போயிடலாம்’ என்றுதானே! இப்படித்தான், தொழில் தெரியாததால் அல்ல, தகவல் கிடைக்காததால் ஒரு பட்டறை மெல்ல மெல்ல மூடுகிறது. அதில் வேலை கற்கும் இரண்டு பையன்களின் பிழைப்பும் சேர்ந்து போகிறது.

2024 நவம்பர் 30-இல் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்து, பாகூர் பக்கக் கிராமங்களில் தண்ணீர் புகுந்தது. வெள்ளத்தில் நின்ற வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது, எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும் என்பது மெக்கானிக்குகளுக்குத் தெரியும். ஆனால் ஒயரிங் கனெக்டர்களுக்குள் புகுந்த தண்ணீர் உடனே வேலையைக் காட்டாது. வாரக்கணக்கில் பச்சை பூத்து, ஒருநாள் திடீரென்று ‘யு0100’ என்று கோட் வரும். எஞ்சின் கம்ப்யூட்டரோடு பேச்சு அறுந்துவிட்டது என்று அர்த்தம். விவரம் தெரியாதவர் ‘கம்ப்யூட்டரே போச்சு’ என்று பெரிய தொகை சொல்லிவிடுவார். விவரம் தெரிந்தவர் முதலில் கனெக்டரைக் கழற்றித் துடைத்துப் பார்ப்பார். இந்த இரண்டு பேருக்கும் நடுவே உள்ள வித்தியாசம் ஒரு வேன்காரருக்கு ஒரு மாத வருமானம்!

கணக்குத் தெரியாமல் காலை விடாதே

‘அவ்வளவுதானே, ஒரு வாரத்துல ஆப் ரெடி’ என்று கிளம்பும் கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சின் குளிர்நீரின் சூடு என்ன என்று கேட்க, ‘01 05’ என்று அனுப்ப வேண்டும். ‘41 05 78’ என்று பதில் வருகிறது. முதல் இரண்டும், ‘நீ கேட்ட கேள்விக்குத்தான் பதில்’ என்பதற்கான அடையாளம். விடை 78. ஆஹா, 78 டிகிரி என்று திரையில் போட்டுவிடலாமா? கூடாது. அது ஹெக்ஸாடெசிமல் எண். 7-ஐ 16-ஆல் பெருக்கி 8-ஐக் கூட்டினால் 120. பனி உறையும் நாடுகளில் பூஜ்யத்துக்குக் கீழேயும் காட்ட வேண்டும் என்பதால் அதில் 40 கழிக்க வேண்டும் என்பது விதி. ஆக, 80 டிகிரி.

‘ரெண்டு டிகிரிதானே, போகட்டும்’ என்கிறீர்களா? இப்போது ‘41 05 96’ என்று வருகிறது. கணக்குத் தெரியாத ஆப் 96 டிகிரி என்று காட்டும். டிரைவர் நிம்மதியாக மிதிப்பார். உண்மையில் 9-ஐ 16-ஆல் பெருக்கி 6 கூட்டினால் 150, அதில் 40 போக 110 டிகிரி! ரேடியேட்டரைக் கவனிக்க வேண்டிய சூடு. நம் புரோகிராமில் ஒரு வரி தப்பினால் இன்னொருவர் வண்டியில் ஹெட் கேஸ்கெட் போகும். பரீட்சையில் தப்பினால் அரியர், இதில் தப்பினால் அடுத்தவர் பணம்.

அதைவிடப் பெரிய தப்பு, கோட் எண்ணையே தீர்ப்பாக நினைப்பது. ‘பி0171’ என்று வந்தால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுவோர் உண்டு. சென்சார் பாவம், பார்த்ததைச் சொன்னது. சாட்சி சொன்னவனையே பிடித்து உள்ளே போடுவது போன்றது இது! காரணம் விரிசல் விட்ட ஒரு வேக்குவம் ஹோஸாக இருக்கலாம், பலவீனமான பெட்ரோல் பம்பாக இருக்கலாம், காற்றை அளக்கும் சென்சாரில் படிந்த தூசியாக இருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பவர் மெக்கானிக்தான். கோட் சொல்வது காய்ச்சலை. அது மலேரியாவா டைபாய்டா என்பது வேறு விஷயம்.

இன்னொன்று. கோட்டை அழிக்கும் பட்டன் எல்லா ஆப்பிலும் இருக்கிறது. அதை அமுக்கினால் கோட் மட்டுமா அழிகிறது? கோளாறு நடந்த நொடியில் எஞ்சின் என்ன சூட்டில், என்ன வேகத்தில் இருந்தது என்று வண்டி பிடித்து வைத்திருந்த பதிவும் சேர்ந்து அழியும். தடயத்தைக் கழுவிவிட்டுத் திருடனைத் தேடுவது போல. எனவே நம் ஆப்பில் அந்தப் பட்டனுக்கு முன்னால் ‘எழுதி வைத்தாயா?’ என்று ஒரு கேள்வி கட்டாயம் இருக்க வேண்டும்.

வண்டி எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்பதும் இல்லை. பிரேக் லைனிங் தேய்ந்ததை, சஸ்பென்ஷன் புஷ் போனதை, கடல் காற்றில் அடிப்பாகம் துருப்பிடித்ததை அந்தப் பிளக் வழியாக எதிர்பார்க்க முடியாது. அதற்கு மெக்கானிக் கீழே படுத்துப் பார்த்தே ஆக வேண்டும். வில்லியனூர் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வடம் பிடித்து இழுப்பவர்கள் ஆயிரம் பேர். ஆனால் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புபவர்கள் சிலர்தான். தகவல் என்பது இழுக்கும் கூட்டம். முட்டுக்கட்டை போடத் தெரிந்தவர் பட்டறை அண்ணன். அவர் இல்லாமல் தேர் நகரும், நிலைக்கு வந்து சேராது.

எப்படிப்பட்ட ஆப்?

முதலாவது, தமிழில். ‘கேடலிஸ்ட் எஃபிஷியன்ஸி பிலோ த்ரெஷோல்ட்’ என்று காட்டி என்ன பயன்? ‘பி0420: சைலன்சரில் உள்ள புகை சுத்திகரிப்பான் சரியாக வேலை செய்யவில்லை. மாற்றும் முன் புகைக் கசிவையும் சென்சாரையும் சோதிக்கவும்’ என்று காட்ட வேண்டும். சுத்தத் தமிழ் தேடிப் பண்டிதரிடம் போக வேண்டாம். ‘ஆயில்’, ‘பிளக்’, ‘கிளட்ச்’ என்று பட்டறையில் எப்படிப் பேசுகிறார்களோ அப்படியே.

இரண்டாவது, நோட்டுப் புத்தகம். எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில் ஆயில் மாற்றினோம், என்ன பாகம் போட்டோம், எவ்வளவு செலவு என்ற பதிவு. சொல்லப்போனால் ஆப்பின் உயிரே இதுதான், டாங்கிள் இரண்டாம் பட்சம். டாங்கிள் வாங்காத பழைய வண்டிக்கும் இது உதவும். வண்டியை விற்கும்போது இந்தப் பதிவைக் காட்டினால் நாணயமான விலை கிடைக்கும்.

மூன்றாவது, ஒரு நாள் எண்ணைப் பார்த்துப் பயப்படாமல் பல நாள் போக்கைப் பார்ப்பது. நல்ல பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வரை. சாவியைத் திருப்பும் நொடியில் எவ்வளவு இறங்குகிறது என்பதை மாதக்கணக்கில் குறித்து வைத்தால், பேட்டரி சாகப்போவதை முன்கூட்டியே சொல்லலாம். விடியற்காலை கல்யாண வாடகைக்குக் கிளம்பும் நேரத்தில் வண்டி படுத்துவிட்டால் என்ன கதி என்று வாடகை கார் அண்ணன்களைக் கேளுங்கள்.

நான்காவது, தகவல் செல்போனிலேயே இருக்க வேண்டும், சர்வர் கூடாது. ஏன்? அமெரிக்காவில் ‘ஆட்டோமேட்டிக்’ என்ற கம்பெனி இப்படித்தான் டாங்கிளும் ஆப்பும் விற்றது. 2020 மே மாதத்தோடு சேவையை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கிய டாங்கிள்கள் எல்லாம் வெறும் பிளாஸ்டிக் ஆகிவிட்டன. பிரிட்டனில் பழைய நிஸான் லீஃப் கார்களின் ஆப்பும் 2024-இல் நின்றது, 2ஜி சிக்னலை மூடப்போகிறார்கள் என்ற காரணத்தால். நம் ஆப் நாம் படித்து முடித்துப் போன பிறகும் ஓட வேண்டும். கிராமத்தில் சிக்னல் இல்லாத இடத்திலும் ஓட வேண்டும்.

ஐந்தாவது, படிக்க மட்டும், எழுதக் கூடாது. 2015-இல் சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு டாங்கிளுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பியே ஒரு காரின் பிரேக்கை வேலை செய்யாமல் நிறுத்திக் காட்டினார்கள். மலிவு டாங்கிள்களில் பாஸ்வேர்டு பெரும்பாலும் 1234. ஆகவே சோதனை முடிந்ததும் டாங்கிளைக் கழற்றச் சொல்லி ஆப்பே நினைவூட்ட வேண்டும். சொருகியே விட்டால் பேட்டரியையும் மெல்ல உறிஞ்சும்.

ஆட்சேபணைகள்

“ஆப் வந்தால் மெக்கானிக் பிழைப்பு போய்விடாதா?” நல்ல கேள்விதான். வண்டிக்காரர் கையில் மட்டும் ஆப்பைக் கொடுத்தால், ‘என் போன்ல இப்படிக் காட்டுதே, நீ ஏன் காசு கேக்குற?’ என்று சண்டைதான் வரும். அதனால்தான் பட்டறைக்காக என்று சொல்கிறேன். தெர்மாமீட்டர் வந்ததால் டாக்டர்கள் ஒழிந்தார்களா? காய்ச்சல் எவ்வளவு என்பது சண்டையில்லாமல் தெரிந்தது, அவ்வளவுதான். மெக்கானிக்கின் பிழைப்பைக் கெடுப்பது தகவல் அல்ல, தகவல் ஒரு பக்கம் மட்டும் இருப்பது.

“கம்பெனியே இலவசமாக ஆப் தருகிறதே?” தருகிறது. விலை என்ன என்று பாருங்கள். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் எப்படி ஓட்டப்படுகின்றன, எத்தனை முறை திடீர் பிரேக் போட்டார்கள் என்ற விவரம், இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குத் தகவல் விற்கும் நிறுவனங்களுக்குப் போனது 2024 மார்ச்சில் பத்திரிகைகளில் அம்பலமானது. 2025 ஜனவரியில் அந்நாட்டு வர்த்தக ஆணையம் நடவடிக்கை அறிவித்தது. நம் நாட்டிலும் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. ஆனால் சட்டம் இருந்தால் மட்டும் போதாது. என் வண்டி என்னைப் பற்றி யாரிடம் என்ன சொல்கிறது என்று கேட்கத் தெரிந்த மக்கள் வேண்டும். போகட்டும், கம்பெனி ஆப் நல்லதாகவே இருக்கட்டும். 2014 மாடல் மாருதிக்கு அது வருமா?

“புது வண்டிகளில் பிளக்கையே பூட்டுகிறார்களாமே?” உண்மைதான். 2018 வாக்கிலிருந்தே சில கம்பெனிகள் பாதுகாப்பு என்று சொல்லி இடையில் ஒரு கதவு வைக்க ஆரம்பித்துவிட்டன. புகை சம்பந்தப்பட்ட கோட்களைப் படிக்க முடிகிறது, மற்றவற்றைத் தொட அனுமதி வேண்டும். பாதுகாப்பு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. கதவு இருக்கட்டும், சாவியில் ஒன்று வீட்டுக்காரனிடம் இருக்கட்டும் என்கிறேன். நியாயம்தானே?

யூனியன் என்ன செய்யலாம்?

நம் பைனல் இயர் பிராஜெக்ட் விஷயத்தை மனம் திறந்து பேசுவோம். பணம் கட்டினால் ரெடிமேட் பிராஜெக்ட் கொடுக்கும் கடைகள் இருப்பது எல்லாருக்கும் தெரியும். கலர் அட்டை, பளபள ரெக்கார்டு, வைவாவில் நாலு மனப்பாட வரி. பிறகு அது எங்கே போகிறது? பரண் மேல்! ஒவ்வொரு வருஷமும் எத்தனை மாணவர்களின் உழைப்பும் பெற்றோர் பணமும் இப்படிப் போகிறது?

அதற்குப் பதில் இந்த ஒரு பிராஜெக்டை ஆண்டுதோறும் கைமாற்றி வளர்த்தால் என்ன? மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் பிரிவினர் எந்த அளவு சரி, எந்த அளவு ஆபத்து என்று அட்டவணை போடட்டும். எலெக்ட்ரானிக்ஸ் பிரிவினர் டாங்கிளைப் பிரித்துப் பார்த்து எது நல்லது என்று சொல்லட்டும், பைக் பிளக்குகளுக்கு அடாப்டர் செய்யட்டும். கம்ப்யூட்டர் பிரிவினர் ஆப் எழுதட்டும். கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் மாணவிகள் ‘ஷெட்டுக்கு நாங்க எப்படிப் போறது?’ என்று தயங்க வேண்டாம். யூனியன் குழுவாக அழைத்துப் போகட்டும். கிரீஸ் கறை ஆண் பெண் பார்த்தா ஒட்டுகிறது?

யூனியனுக்கு என் கோரிக்கை மூன்றே மூன்று. ஒன்று, யூனியன் நிதியில் நாலு டாங்கிள் வாங்கி, லைப்ரரி புத்தகம் போல இரவல் கொடுக்க வேண்டும். இரண்டு, வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் அனுபவமுள்ள மெக்கானிக்குகளை மாதம் ஒருமுறை கல்லூரிக்கு அழைக்க வேண்டும். வேடிக்கை பார்க்க அல்ல, நமக்குப் பாடம் நடத்த! மேடையில் நாற்காலி போட்டு, போக்குவரத்துச் செலவும் மரியாதைத் தொகையும் கொடுத்து அழைக்க வேண்டும். மூன்று, ஒரு கோட் வந்தது, எப்படிக் கண்டுபிடித்தார்கள், கடைசியில் என்ன கோளாறு என்று அவர்கள் சொல்வதையெல்லாம் தமிழில் எழுதிச் சேர்க்க வேண்டும். அந்தத் தொகுப்புதான் நம் ஆப்பின் மூளை. அது எந்தக் கம்பெனி சர்வரிலும் கிடைக்காது. நம்ம ரோட்டுப் பள்ளத்தில், நம்ம ஊர் உப்புக் காற்றில், நம்ம வெள்ளத்தில் நின்ற வண்டிகளின் வரலாறு அது.

நண்பர்களே, டிப்ளமோ முடித்ததும் ஸ்ரீபெரும்புதூரோ ஒரகடமோ போய் கார் கம்பெனிகளில் வேலைக்குச் சேருவோம். சேர வேண்டும், அதில் தப்பே இல்லை. அங்கே நாம் பூட்டும் வண்டி ஏழெட்டு வருஷம் கழித்து இரண்டு கை மாறி, பாகூரிலோ திருபுவனையிலோ ஒரு ஓலைக் கொட்டகைப் பட்டறைக்கு வந்து நிற்கும். அப்போது அந்த வண்டி என்ன பேசுகிறது என்பது அங்கே இருப்பவருக்கும் புரிய வேண்டும். அதற்கான அகராதியை இந்த வருஷமே எழுத ஆரம்பிப்போம். முதல் பக்கத்துக்கு ‘பி0171’ இருக்கிறது. அடுத்த பக்கம் யாருடையது?